பொரிக்காத பொரிசட்டி

பொருள்களுக்குப் பெயர் வைப்பதில் வியாபாரிகளுக்கு இருக்கிற கற்பனா சக்தியில் கால்பங்கு எங்களைப் போன்ற கதாசிரியர்களுக்கு இருந்திருந்தால் தமிழ் நாவல் எங்கேயோ போயிருக்கும். 'ஏர் ஃப்ரையர்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்! காற்றிலே பொரிக்கிற சட்டியாம்! காற்றில் கோட்டை கட்டுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். காற்றில் கத்தி சுழற்றுவதையும் கேள்விப்பட்டிருக்கிறோம். காற்றில் உருளைக்கிழங்கு பொரிப்பதை இந்த நூற்றாண்டில்தான் கேள்விப்படுகிறோம்.

பொரிப்பது என்றால் என்ன? காய்ந்த எண்ணெயில் பண்டத்தை முழுகப் போட்டு எடுப்பது. தமிழில் வாட்டுவது வேறு, வறுப்பது வேறு, வதக்குவது வேறு, சுடுவது வேறு, பொரிப்பது வேறு. நம் பாட்டிமார்கள் இந்த வித்தியாசங்களையெல்லாம் அகராதிக்காக வைத்துக்கொண்டிருக்கவில்லை; நாக்குக்காக வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பளத்தைச் சுடலாம், பொரிக்கலாம். இரண்டும் ஒன்று என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால், 'இவன் வீட்டில் சாப்பாடு சரியில்லை போலிருக்கிறது' என்று பரிதாபப்பட்டிருப்பார்கள். இங்கிலீஷில் தோசைக்கல்லில் வதக்கினாலும் 'ஃப்ரை', எண்ணெயில் முழுக்கினாலும் 'ஃப்ரை'. ஆகவே அந்தப் பாஷையில் இந்தப் பெயரை வைப்பது சுலபமாயிற்று. தமிழில் யோசித்திருந்தால் சாயம் அப்போதே வெளுத்திருக்கும்.

சரி, அந்த யந்திரத்துக்குள் என்னதான் இருக்கிறது? மேலே ஒரு மின்சாரக் கம்பிச் சுருள். அதற்கு மேல் ஒரு விசிறி. கீழே துளை போட்ட ஒரு கூடை. சுருள் காற்றைச் சூடாக்குகிறது. விசிறி அந்தச் சூட்டைப் பண்டத்தின் மேல் அடித்துச் சுழற்றுகிறது. அவ்வளவுதான் ரகசியம். இதற்குச் சரியான பெயர் 'சின்ன ஓவன்'. 1940களிலேயே அமெரிக்காவில் மாக்ஸன் என்பவர், ஆகாய விமானத்தில் போகிறவர்களுக்கு உறைந்த சாப்பாட்டைச் சூடாக்கித் தருவதற்காக விசிறி வைத்த அடுப்பு ஒன்றைச் செய்தார். அவர் நேர்மையான மனிதர். அதற்குச் 'சுழற்காற்று ஓவன்' என்றுதான் பெயர் வைத்தார். 2010ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்துக் கண்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனியார் 'ஏர்ஃப்ரையர்' என்ற பெயரோடு தங்கள் யந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். சில வருஷங்களுக்குள் அந்தப் பெயர் உலகத்துச் சமையற்கட்டுகளிலெல்லாம் புகுந்துவிட்டது. தத்துவம் பழையது, கூடையும் பெயரும்தான் புதியவை.

இதற்குப் பக்கத்திலேயே கடையில் இன்னொரு யந்திரம் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு, உள்ளே தட்டு, மேலும் கீழும் சுருள்கள். நம் ஊரில் 'ஓ.டி.ஜி.' என்று மூன்றெழுத்தில் சொல்கிறார்கள். ரொட்டி வாட்டும், கேக் சுடும், காய்கறி வறுக்கும். அதிலேயே விசிறி வைத்த ரகமும் உண்டு. அதற்குக் 'கன்வெக்‌ஷன் ஓவன்' என்று பெயர். தம்பிக்கும் அண்ணனுக்கும் ரத்தம் ஒன்றுதான். அண்ணன் பருமன், தம்பி சுறுசுறுப்பு. இந்த இரண்டில் எதை வாங்குவது என்றுதான் நடுத்தரக் குடும்பங்களில் இப்போது பெரிய விவாதம் நடக்கிறது. நான்கு வீட்டில் என்னையும் கேட்டுவிட்டார்கள். 'கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன தெரியும்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சமையற்கட்டை அறியாதவன் குடும்பக் கதை எழுத முடியாது. குடும்பத்தில் யார் யாரை என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதைக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்தால் தெரியும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாலு பேரும் அதற்கு மேலும் இருந்தால் ஓவனை வாங்குங்கள். ஏர் ஃப்ரையரை விடுங்கள். இதற்கு நான் சொல்லப்போகிற காரணம் விளம்பரத்தில் வராது.

சமீபத்தில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டில் ஐந்து பேர், என்னோடு ஆறு. புது ஏர் ஃப்ரையர், நாலு லிட்டர். சாயங்காலக் காப்பிக்குக் காலிஃப்ளவர் வறுவல் என்று ஏற்பாடு. சிநேகிதரின் மனைவி முதல் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். நன்றாக மொறுமொறுவென்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன்? ஆனால் ஒரு தட்டு ஆறு பேருக்கு எம்மாத்திரம்?

"நீயும் உட்காரேன்" என்றார் சிநேகிதர்.

"நீங்க சாப்பிடுங்க, ஆறிடும். நான் அடுத்த ஈடு எடுத்துட்டு வரேன்."

கால் மணி கழித்து இரண்டாவது ஈடு வந்தது. அதையும் நாங்கள் சாப்பிட்டோம். அந்த அம்மாள் மறுபடி உள்ளே போனார். மூன்றாவது ஈடு வருவதற்குள் நாங்கள் காப்பி குடித்து, அரசியல் பேசி, குழந்தைகள் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். கடைசியில் அவர் தமக்கு ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, பேசுவதற்கும் ஒன்றும் பாக்கியில்லை, காப்பியும் பாக்கியில்லை.

'ஈடு' என்ற அந்தச் சொல்தான் இந்த விவகாரத்தின் மையம் என்று எனக்கு அப்போது தோன்றிற்று. இட்டிலிக்கு ஈடு உண்டு. முறுக்குக்கு ஈடு உண்டு. ஈடு என்றால் ஒரு தடவைக்குப் போட்டு எடுக்கிற அளவு. எத்தனை ஈடோ அத்தனை தடவை யாரோ ஒருவர் எழுந்து போகவேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

'கூடையை நிரம்பப் போட்டால் ஒரே ஈட்டில் முடியுமே!' என்று சிலர் கேட்கலாம். முடியாது. காய்ந்த எண்ணெய் பண்டத்தைச் சுற்றிலும் அணைத்துக்கொள்கிறது. இண்டு இடுக்கெல்லாம் போகிறது. காற்று அப்படியல்ல, அது சோனிப் பிராணி. இருநூறு டிகிரிச் சூட்டில் இருக்கிற ஓவனைத் திறந்து தட்டைத் தொடாமல் ஒரு கணம் கையை நீட்டி இழுத்துக்கொள்ளலாம். நூற்றெண்பது டிகிரி எண்ணெயில் ஒரு சொட்டுத் தெறித்தால் போதும், கொப்புளம். சூட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிற திறமை காற்றுக்கு அவ்வளவு குறைவு. போதாததற்கு, ஈரமான காயைச் சுற்றி நீராவி ஒரு போர்வை மாதிரி படிந்துகொள்கிறது. அதை அடித்து விரட்டத்தான் விசிறி. அக்கினி நட்சத்திரத்து அனல் காற்று துணியை எப்படிக் கால் மணியில் காய வைக்கிறதோ, அதே வேலை. துணியை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்தால் காயுமா? உதறி, விரித்து, ஒற்றையாகப் போட்டால்தான் காயும். காலிஃப்ளவருக்கும் அதே நியாயம்தான். ஒரே வரிசையாகப் பரப்பினால் மொறுமொறுப்பு, குவித்தால் புழுங்கல்.

ஆகவே யந்திரத்தின் பெட்டி மேல் போட்டிருக்கிற லிட்டர் கணக்கைப் பார்க்காதீர்கள். லிட்டர் என்பது பாலுக்கும் எண்ணெய்க்கும் சரி. இங்கே பார்க்க வேண்டியது பரப்பு. நாலு லிட்டர் கூடையின் அடி ஏறக்குறைய ஒரு சாண் சதுரம். முப்பது லிட்டர் ஓவனின் தட்டு ஏறக்குறைய ஒன்றரைச் சாண் சதுரம். அதாவது இரண்டு மடங்குக்கு மேல். விசிறி இருந்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தட்டு வைக்கலாம். நடுவில் ஒரு தடவை இடம் மாற்றினால் போதும். ஆறு பேர் வறுவல் ஒரே ஈட்டில் முடிந்துவிடும். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் உட்காரலாம்.

மின்சாரக் கணக்கையும் போட்டுவிடுவோம். ஏனென்றால் 'ஓவன் கரண்டை விழுங்கும்' என்று ஒரு புரளி இருக்கிறது. இரண்டுமே ஏறத்தாழ 1500 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃப்ரையர் ஓர் ஈட்டுக்குக் கால் மணி ஓடினால் முக்காலே அரைக்கால் யூனிட் அல்ல, அதில் பாதிகூட இல்லை, 0.375 யூனிட். ஓவன் பத்து நிமிஷம் காய்ந்து, அரை மணி வேலை செய்தால், மிஞ்சிப்போனால் ஒரு யூனிட். இடையிடையே சூடு எட்டியதும் தானாக நின்று நின்று எரிவதால் இரண்டிலும் அசல் செலவு இதற்குக் குறைவாகவே இருக்கும். ஆக, ஓர் ஈட்டோடு முடிகிற வீட்டில் ஏர் ஃப்ரையருக்குப் பாதிக்கும் குறைந்த செலவு. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று ஈடு போட்டால் 1.125 யூனிட். அப்போது ஓவனே சிக்கனம் என்று ஆகிவிடுகிறது. காலத்திலும் முக்கால் மணிக்கு நாற்பது நிமிஷம். வித்தியாசம் என்னவென்றால், அந்த முக்கால் மணியில் மூன்று தடவை கொட்டி, பரப்பி, குலுக்கி எடுக்க வேண்டும். இந்த நாற்பது நிமிஷத்தில் ஒரு தடவை புரட்டினால் போதும்.

'அதெல்லாம் இருக்கட்டும், ஸார்! ஆரோக்கியத்துக்காக அல்லவா வாங்குகிறோம்?' என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரலுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

எண்ணெய் குறைகிறது என்பது உண்மை. ஒரு கிராம் கொழுப்புக்கு ஒன்பது கலோரி. ஒரு வாணலி எண்ணெய்க்குப் பதில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் பிசறினால் லாபம்தான். இன்னொரு பெரிய லாபமும் உண்டு. பொரித்து மீந்த எண்ணெய் என்று ஒன்று இல்லாமற் போகிறது. மீந்த எண்ணெயை வடிகட்டி வைத்து, நாளைக்குக் குழம்புக்குத் தாளித்து, நாளன்றைக்கு மறுபடி காய்ச்சுவது நம் வீடுகளில் சிக்கனம் என்று பெயர் பெற்றிருக்கிறது. காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் கெடுகிறது. அப்படிக் கெட்டுச் சேரும் பொருள்கள் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் போனால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ஆம் ஆண்டு ஜூலை முதல் விதியே வைத்திருக்கிறது. வீட்டில் இதை அளந்து பார்க்கிறவர் யார்? ஆகவே அந்த எண்ணெயே இல்லாமற் போவது நல்லதுதான்.

ஆனால் இந்தப் புண்ணியமெல்லாம் ஓவனுக்கும் அப்படியே பொருந்துமே! அதிலும் இரண்டு ஸ்பூன் எண்ணெய்தான். மீந்த எண்ணெய் அதிலும் இல்லை. 'ஆரோக்கியம்' என்ற முத்திரையைத் தம்பியின் நெற்றியில் மட்டும் குத்திவிட்டு அண்ணனை ஏன் வெறும் கேக் சட்டி என்று ஒதுக்க வேண்டும்? அண்ணன் பெயரில் 'ஃப்ரையர்' இல்லை; அதுதான் அவன் செய்த குற்றம்.

அதோடு, இந்த ஆரோக்கியப் பேச்சில் ஒரு தந்திரம் இருக்கிறது. 'எதைவிடக் குறைவு?' என்று யாரும் கேட்பதில்லை. மாதத்துக்கு இரண்டு தடவை பொரித்துக்கொண்டிருந்த வீட்டில் வாரத்துக்கு மூன்று தடவை உறைந்த உருளைக்கிழங்குப் பொட்டலம் பிரிக்கப்படுகிறது. கேட்டால், 'எண்ணெயே இல்லை!' என்று பதில். பொட்டலத்தில் இருக்கிற அந்தத் துண்டுகளைப் பெரும்பாலும் ஆலையிலேயே ஒரு முறை எண்ணெயில் பொரித்துத்தான் உறைய வைக்கிறார்கள் என்பதை அட்டையின் பின்பக்கத்தில் படித்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு போன்ற மாவுப் பண்டங்களை 120 டிகிரிக்கு மேல் காய்ச்சிச் சிவக்க வைத்தால் 'அக்ரிலமைடு' என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். அது எண்ணெயின் குற்றமல்ல; சூட்டின் குற்றம். காற்றில் சிவந்தாலும் உண்டாகும். ஓவனில் சிவந்தாலும் உண்டாகும். பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் கருக விடுகிறவர்களை எந்த யந்திரமும் காப்பாற்றாது.

ஒரு யந்திரம் தின்பதற்கு அநுமதிச் சீட்டாக மாறிவிட்டால், அதன்பிறகு அது ஆரோக்கிய சாதனம் அல்ல. இட்டிலியும், கீரை மசியலும், கொழுக்கட்டையும் எண்ணெய் இல்லாமல் எத்தனையோ தலைமுறையாக வெந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்காக யாரும் எட்டாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிறார். 'அப்படிச் சொல்லுங்கள்! இந்தப் பெட்டிகள் எதுவுமே வேண்டாம். வாணலியில் பொரித்த வாழைக்காய் பஜ்ஜிக்கு ஈடாகுமா?' என்கிறார். இவரை நான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகாது, ஐயா! நிச்சயமாக ஆகாது. தோய்த்த மாவு கூடையின் துளை வழியாக ஒழுகிவிடும். பஜ்ஜியும் போண்டாவும் எந்தக் காற்றுச் சட்டியிலும் உருவாகமாட்டா. உளுந்து வடைக்குக் காய்ந்த எண்ணெய்தான் வேண்டும். பூரி எண்ணெயில் உப்புகிற அழகே தனி. முறுக்கைக் காற்றில் வைத்தால் கடிக்கப் பல் வைத்தியரைக் கூப்பிட வேண்டும். ருசி விஷயத்தில் நான் உங்கள் கட்சி.

ஆனால் ஒரு கேள்வி. அந்த பஜ்ஜியை நீங்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்? கூடத்தில், விசிறிக்கு அடியில். ஒவ்வொன்றாகச் சூடாக வருகிறது. 'இன்னும் ரெண்டு கொண்டா' என்கிறீர்கள். பொரிக்கிறவள் எங்கே நிற்கிறாள்? மே மாதத்துச் சமையற்கட்டில், காய்ந்த எண்ணெய்க்கு முன்னால், ஜல்லிக் கரண்டியோடு. அவள் சூடான பஜ்ஜி சாப்பிட்டதுண்டா என்று என்றைக்காவது கேட்டதுண்டா? பொரித்தவளுக்குப் பொரித்தது பிடிக்காது என்று ஒரு வசனம் நம் வீடுகளில் உண்டு. 'புகை குடிச்சே வயிறு நிரம்பிடுத்து' என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். அதை நாம் நகைச்சுவை என்று எடுத்துக்கொள்கிறோம்.

அது நகைச்சுவை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் ஃபிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில் இயங்குகிற புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், அதிகச் சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது எழுகிற புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று பெரிதும் சந்தேகிக்கப்படுகிற பொருள்களின் வரிசையில் சேர்த்து 2010இல் நூல் வெளியிட்டது. அதாவது, எண்ணெயைத் தின்கிறவனுடைய கொலஸ்டிராலைப் பற்றி நாம் பக்கம் பக்கமாய் எழுதுகிறோம். எண்ணெயை மூச்சிலே இழுக்கிறவளைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. விளம்பரமும் எழுதுவதில்லை; விளம்பரத்தைப் பழிக்கிறவரும் எழுதுவதில்லை. 'உங்கள் இருதயத்தைக் காப்பாற்றும்' என்று அச்சடித்திருக்கிறதே தவிர, 'உங்கள் மனைவியை உட்கார வைக்கும்' என்று எந்தப் பெட்டியிலாவது அச்சடித்திருக்கிறதா?

சர்க்கார் கணக்கு ஒன்று இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் தேசம் முழுவதும் மக்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிஷம் செலவழித்தார்கள். ஏறக்குறைய ஐந்து மணி. வீட்டு வேலையில் கை வைத்த ஆண்கள் 97 நிமிஷம். அப்படிக் கை வைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களோ நூற்றுக்கு 81 பேர். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் எந்தப் பெட்டியை எடுப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

யந்திரங்களை எடை போட நம் வீடுகளுக்கு ஒரு பழைய தராசு உண்டு. அம்மியை மிக்ஸி விரட்டியது. ஆட்டுக்கல்லைக் கிரைண்டர் விரட்டியது. அப்போதும் சாய்வு நாற்காலிக்காரர்கள் 'அம்மியில் அரைத்த சட்டினி ருசி வருமா?' என்று கேட்டார்கள். வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அரைத்தவளின் இடுப்பு வலி போயிற்று. 2011இல் தமிழக அரசாங்கம் வீடுதோறும் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று இலவசமாகக் கொடுத்ததைக் கேலி செய்தவர்கள் உண்டு. அந்த மூன்றிலும் ஒரு கணக்கு இருந்தது: இரண்டு யந்திரம் வேலையைக் குறைத்தன; ஒன்று வேர்வையைக் குறைத்தது. ஒரு வீட்டு யந்திரம் நல்லதா, இல்லையா என்று கேட்டால் நான் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான்: இது யாருடைய முதுகிலிருந்து எதை இறக்குகிறது?

இந்தத் தராசில் ஏர் ஃப்ரையரை நிறுத்துங்கள். புகையை இறக்குகிறது, சபாஷ்! எண்ணெய்ச் சூட்டை இறக்குகிறது, அதற்கும் சபாஷ்! ஆனால் ஈடுகளை இறக்கவில்லை. வாணலியின் முன்னால் நின்றவளைக் கூடையின் முன்னால் நிற்க வைக்கிறது. அவளைத் தவிர மற்றவர்களுக்கு மொறுமொறுப்பு. அவளுக்கு மணியடிக்கிற யந்திரம் ஒன்று. ஓவனை நிறுத்துங்கள். புகையும் இல்லை, ஈடும் இல்லை. தட்டை உள்ளே தள்ளிக் கதவை மூடிவிட்டு அவள் கூடத்துக்கு வந்து உட்காரலாம். மணியடித்ததும் யாரும் போய் எடுக்கலாம், நீங்கள் உட்பட. மாலையில் வறுவல் செய்த அதே பெட்டி ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குக் கேக் சுடும், நிலக்கடலை வறுக்கும், கத்தரிக்காயைத் துவையலுக்குச் சுட்டுக் கொடுக்கும்.

இனி, நியாயமாகச் சில விலக்குகள். வயதான தம்பதி இரண்டே பேர், பிள்ளைகள் வெளிநாட்டில், என்றால் ஏர் ஃப்ரையரே சரி. ஓர் ஈடு, குறைந்த கரண்டு, குனிந்து கனமான தட்டைத் தூக்க வேண்டியதில்லை. அறை எடுத்துத் தனியாக இருக்கிற உத்தியோகஸ்தருக்கும் அதுவே சரி. சமையல் மேடையில் இடமே இல்லாத வீட்டிலும் தம்பிதான் நுழைவான். இவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டையெல்லாம் ஐந்து பேர் வீட்டில் இரண்டு பேர் யந்திரத்தை வைத்துவிட்டு, மூன்றாவது ஈட்டுக்கு ஒருத்தியை எழுப்புகிறவர்களோடுதான்.

ஓவன் என்று தீர்மானித்தவர்கள் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லா ஓ.டி.ஜி.யிலும் விசிறி இல்லை, கேட்டு வாங்குங்கள். விசிறி இல்லாத ஓவனில் வறுவல் சோம்பேறித்தனமாய் வேகும். பிறகு என்னை வையாதீர்கள். இரண்டாவது, பிளக். 1500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர் வருகிறது. விளக்குக்கும் செல்போனுக்கும் வைத்த ஆறு ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகக்கூடாது. கிரைண்டர் பக்கத்தில் பதினாறு ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஏர் ஃப்ரையருக்கும் இதே விதிதான். சமையல் குறிப்பில் சாதாரண ஓவனுக்குச் சொன்ன சூட்டை விசிறி ஓவனில் இருபது டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

பஜ்ஜியை என்ன செய்வது? மழை பெய்கிற சாயங்காலத்துக்கு பஜ்ஜி வேண்டாமா? தீபாவளிக்கு முறுக்கு வேண்டாமா? வேண்டும். தாராளமாக வேண்டும். அவற்றை எந்தப் பெட்டியிடமும் ஒப்படைக்க வேண்டாம், வாணலியே இருக்கட்டும். புதிய எண்ணெய், திறந்த ஜன்னல், ஓடுகிற புகைபோக்கி. ஒரே ஒரு நிபந்தனை: 'எண்ணெயில் பொரித்தால்தான் ருசி' என்று யார் உரக்கச் சொல்கிறாரோ அவர் கையில் ஜல்லிக் கரண்டியைக் கொடுத்துவிட வேண்டும். முதல் ஈடு அவர் போடட்டும். அதைச் சூடாகத் தின்பதற்கு அவருடைய மனைவி கூடத்தில், விசிறிக்கு அடியில், அந்தச் சாய்வு நாற்காலியில் உட்காரட்டும். இரண்டாவது ஈட்டுக்கும் அவரே உள்ளே போகட்டும். மூன்றாவது ஈடு முடிந்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு, மறுநாள் காலையில் அவரே கடைக்குப் போய் ஓவன் வாங்கி வந்துவிடுவார். விசிறி இருக்கிறதா என்று பார்த்தே வாங்கி வருவார்.